முகமூடிக்கு எத்தனை மார்க்?

பழைய மல்யுத்த கேசட்டுகளைப் போட்டுப் பார்த்து, மார்க் கொடுத்து விமர்சனம் எழுதுவதுதான் மாப்பிள்ளையின் வேலை. இன்று அவருக்குச் சிக்கியது சாதாரண கேசட் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன் ‘புயல்’ என்ற பெயரில் மாமனாரே மோதியது! மாமனாரையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு மேட்சுகளும் சுமார் ரகம். மூன்றாவதில் புயல், முகமூடி போட்ட எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி வீசியதும் மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார்.

“பின்னிட்டீங்க மாமா! உங்களுக்குப் பத்துக்குப் பத்து. முகமூடி மூட்டை மாதிரி விழறான், அவனுக்கு ரெண்டு போதும்.”

“ரெண்டா?” மாமியார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “தூக்கறது பெரிசில்ல மாப்பிள்ளை, விழறதுதான் வித்தை! அந்த முகமூடி தாடையை எப்படி நெஞ்சோட ஒட்டி வெச்சிருக்கு பாருங்க! உங்க மாமா சும்மா கையைத்தான் ஆட்டினார்.”

படபடவென்று பொரிந்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

மாப்பிள்ளைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கட்டின புருஷனை விட்டுவிட்டு யாரோ ஒருத்தனுக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறாரே! மாமனாரின் காதைக் கடித்தார்.

“மாமா, அத்தைக்கு அந்த முகமூடியை முன்னாடியே தெரியுமோ?”

மாமனார் சிரித்தார். “முகமூடிக்காரனுக்கு அன்னிக்குக் கடும் காய்ச்சல். வெளியே கூட்டம் விசில் அடிக்குது. எங்களுக்கு உடுப்பு தைக்கிற பொண்ணு, ‘எல்லா அடியும் எனக்கு மனப்பாடம்’னு முகமூடியை மாட்டிக்கிட்டு மேடை ஏறிட்டா. அடுத்த மாசமே அவளைக் கட்டிக்கிட்டேன். மார்க்கை ஏத்திப் போடுங்க மாப்பிள்ளை... அவ எங்கிட்ட தோத்தது அந்த ஒரு நாள்தான்!”