பதியாத பல்

இசக்கியப்பனின் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே எட்டு வருடமாக இறைச்சி மாட்டிக்கொண்டிருந்தது. பல் மருத்துவர் ஷகிலா சொத்தையைச் சுரண்டிவிட்டு, பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டையைக் கட்டினார். இடுக்கில் ஓர் ஆப்பைச் செருகி, பட்டை நகராமல் மேலே ஒரு வளையத்தை மாட்டினார்.

"அடைச்சா இடுக்கே இருக்காது. ஆனா அரசாங்கப் பதிவுல இருக்கிற உங்க கடி மாறிடும். புதுசா பதிய மூணு வாரம் ஆகும். சம்மதமா?"

இசக்கியப்பன் தலையாட்டியதும் அடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கடியை வைத்து ஆளை அறியும் வாசல் தகட்டை இசக்கியப்பன் கடித்தபோது, "அந்நியர்" என்றது கதவு. மனைவி ஆவுடையம்மாள் உள்ளிருந்து திறந்தாள். ஆனாலும் பதியாத பல்லோடு உள்ளே கால் வைத்தால் காவல் நிலையத்தில் மணி அடிக்கும். அதனால் அவர் படியிலேயே உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றார்.

"மாட்டுதா?"

"ஒரு நாரு கூட மாட்டலட்டி." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்கு நாள் கார் கொட்டகையில் படுத்தார். ஐந்தாம் நாள் காலையில் ஆவுடையம்மாள் இரண்டு தலையணைகளோடு வெளியே வந்தாள்.

"எனக்கும் ஒரு பல்லு இடுக்கு இருக்கு. அந்த டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போங்க."

"அப்புறம் ரெண்டு பேரும்லா வெளிய கெடக்கணும்?"

"கெடப்போம்" என்று சொல்லிவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.