பாத்தி மிதித்த மாப்பிள்ளை

"வேணாம்னா வேணாம்மா. இருக்குதா இல்லையான்னே தெரியாத ஒண்ணைத் தேடறவரு நமக்கு எதுக்கு?"

"கத்தாதடி ஷாலினி. தெருவே கேக்குது," என்றாள் ஞானாம்பாள், மகளைவிட உரக்க.

தெரு கேட்கத்தான் செய்தது. எதிர்வீட்டு மங்கம்மா, பெருக்கிய வாசலையே மூன்றாவது முறையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

விவகாரம் இதுதான். கார்த்திகேசன் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். உப்பு படிவதைப் படம் பிடிக்க மரக்காணம் வந்தவர், அப்போதுதான் காலால் மிதித்துச் சமன் செய்திருந்த உப்புப் பாத்தியில் ஷூவோடு இறங்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தடம் பதித்துவிட்டார். மூன்று நாள் வேலை போயிற்று. அங்கே வேலை செய்யும் ஞானாம்பாள் திட்டிய திட்டு ஈ.சி.ஆர். வரை கேட்டதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து, தானே மிதித்துக் கொடுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அன்று மிதிக்க ஒன்றுமே இல்லை.

"மாமியார் பாத்தியை மிதிச்சுப் பொண்ணு கேக்கறவனை இப்பதான் பாக்குறேன்," என்று மங்கம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். முன்நெற்றி சற்று ஏறியிருந்ததையும் தெரு மன்னித்துவிட்டது. அவ்வளவு படித்தால் முடி எங்கே நிற்கும்?

இன்று பேசி முடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு வாழைப்பழத்தோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார் கார்த்திகேசன். மங்கம்மா தயிருக்கு உறை கேட்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

ஷாலினிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதற்கும் ரிப்போர்ட் கேட்கிற பெண்.

"கருந்துளையைத் தேடறீங்களாமே சார். அதான் நட்சத்திரம் செத்தா வருதுன்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்களே?"

"அது வேறம்மா. நான் தேடறது நட்சத்திரமே பொறக்காதப்ப உண்டானது. பிரபஞ்சம் ஆரம்பிச்சு ஒரு செகண்டுகூட ஆவல. எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. அங்கங்க துளி கூட, துளி கம்மி. துளி கூட இருந்தா, உள்ள இருக்கிற அழுத்தமே தள்ளிவிட்டுக் கலைச்சிடும். எங்கயாவது ஒரு இடத்துல அளவு மீறிக் கூடிடுச்சுன்னா அழுத்தத்தால தாங்க முடியாது. அந்த இடம் தன் எடையிலயே உள்ள விழுந்து கருந்துளையாயிடும்."

"தண்ணியில உப்போட டிகிரி ஏறாத வரைக்கும் பாத்தித் தண்ணி தண்ணியாத்தான் கெடக்கும்," என்றாள் ஞானாம்பாள் சமையலறையிலிருந்து. "ஏறிடுச்சுன்னா அப்புறம் உப்பைத் தடுக்க முடியாது."

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க. உப்பு நிதானமாப் பூக்கும். இது விழுந்தா விழுந்ததுதான்," என்றார் அவர், காது சிவந்து.

ஷாலினி விடவில்லை. "ஒண்ணையாவது பாத்திருக்காங்களா?"

"இன்னும் இல்ல."

"இருவது வருஷம் தேடியும் கெடைக்கலன்னா?"

"ஆரம்பத்துல அடர்த்தியில அவ்ளோ பெரிய மேடு பள்ளம் இல்லன்னு தெரிஞ்சுக்கலாம். அதுவும் பதில்தானே. யாராவது உக்காந்து முழுசாத் தேடினாத்தான் இல்லன்னுகூடச் சொல்ல முடியும்."

"தேடறேன்னு வெளிநாட்டுக்குக் கெளம்பிடுவீங்களா?"

"எல்லாம் லேப்டாப்லயே வந்துடும்மா. சமையலறையில ஒரு மூலை போதும்."

மங்கம்மா உறைக்கிண்ணத்தோடு அசையாமல் நின்றாள். ஷாலினியின் அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒருத்திக்கொருத்தி காவல். மூன்றாவதாக ஒரு ஆளை உள்ளே விடுவது சின்ன விஷயமில்லை.

"நீ சரின்னாத்தான்டி," என்றாள் ஞானாம்பாள் மெதுவாக. "மனசில்லன்னா இப்பவே சொல்லிடு. அவரு ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு."

ஷாலினி அவரையே பார்த்தாள். குதிகாலில் உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்பு, இன்னும் ஆறவில்லை.

"எனக்குச் சம்மதம்," என்றாள்.

மங்கம்மா உறை வாங்காமலே ஓடினாள். சாயங்காலத்துக்குள் குயிலாப்பாளையத்து நாத்தனார் வரை போன் போய்விட்டது.

வைகாசியில், பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். கார்த்திகேசன் கையெழுத்துப் போட்டதும் பேனாவை வாங்கிய ஷாலினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டுச்சேலையில் தலை நிமிராமல் நின்ற ஞானாம்பாளிடம் நீட்டினாள்: "போடும்மா. கல்யாணப் பொண்ணு கையெழுத்து இங்க. நான் சாட்சி, என் இடம் கீழ இருக்கு."