எண்ணாத மூச்சு

மூச்சை எண்ணாமலே எல்லோருக்கும் நிமிடத்துக்கு இருபது என்று எழுதிவிடுவது தாதி அஞ்சலீனாவின் வழக்கம். லவால் என்ற ஊரிலிருந்து யோசெப் தூக்கிவந்த ஐந்து வயது மகளுக்கும் அப்படியே எழுதிக் காத்திருக்கச் சொன்னாள். மாலையில் பிள்ளை மூன்றாம் கட்டிலில் இறந்தது.

அதன்பிறகு அஞ்சலீனா கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக எண்ணுகிறாள். ஆனால் எண்ணினாலும் கிழவருக்கும் இருபதுதான் வருகிறது, மூச்சு இரைக்கும் குழந்தைக்கும் இருபதுதான். அதே குழந்தைக்கு மற்றத் தாதி நிரோஜா எண்ணினால் ஐம்பது.

இன்று மகளின் முப்பத்தோராம் நாள் பூசைப் பலகாரத்துடன் யோசெப் வந்தார்.

“நீங்கள் வடிவாத்தானே பாத்தனீங்கள், தங்கச்சி. பிள்ளையின்ரை காலம் அவ்வளவுதான்.”

“ஓம், அண்ணை” என்று குனிந்தபடி பலகாரப் பையை வாங்கினாள்.

அவர் போனதும் மூன்றாம் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். ஆளில்லாத கட்டிலில் விரிப்பு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணாமலே அவளுக்குத் தெரிந்தது.