அகராதிச் சாமி

“அக்கா, இது சுடலையெல்லோ? இஞ்சை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” ஜெயகௌரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“சத்தம் போடாமல் வாங்கோ, தங்கச்சி” என்றாள் யோகமலர். “உங்கடை மகளுக்குக் கிராமர் ஸ்கூல் கிடைக்கோணுமோ, வேண்டாமோ?”

கிராமர் ஸ்கூல் என்று சொன்னால் ஜெயகௌரி எமலோகத்துக்கும் நடந்தே போவாள். லண்டன் எட்மண்டனில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. யோகமலரின் இரண்டு பிள்ளைகளில் மூத்தவனும் ஜெயகௌரியின் ஒரே மகளும் வருகிற செப்டெம்பரில் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும் அந்த அரசுப் பள்ளிக்கான நுழைவுப் பரீட்சையை எழுதப் போகிறார்கள். மகள் தேறாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று ஜெயகௌரி இப்போதே சோறு தண்ணீர் இறங்காமல் இருந்தாள்.

பாசி பிடித்த ஒரு கல்லறையின் முன்னால் யோகமலர் பயபக்தியோடு சப்பாத்தைக் கழற்றினாள்.

“இவர்தான். ஒஸ்வால்ட் கிரிம்லி. விக்டோரியா மகாராணி காலத்து ஆள். பழைய கிரேக்க மொழிக்கு அகராதி எழுதினவர். மோர்டனிலை இருக்கிற என்ரை அக்காவின்ரை பிள்ளையள் ரெண்டும் இவராலை பாஸ் பண்ணினதுகள்.”

“வெள்ளைக்காரனையோ கும்பிடுறது?”

“படிப்புக்கு வெள்ளை கறுப்பு இருக்கோ? கேளுங்கோ. பத்து வயசிலையே கிரேக்கம் முழுக்கப் பாடம். முப்பது வருஷம் ஒரே மேசையிலை இருந்து எழுதினவர். கலியாணத்தண்டும் ஏதோ ஒரு சொல்லுக்குக் கருத்துத் தேடிக்கொண்டு இருந்திட்டாராம். பொம்பிளை சேர்ச்சிலை காத்துக்கொண்டு நிண்டதாம். பேந்து வீடு நெருப்புப் பிடிக்கேக்கை, மனுசியை விட்டிட்டு அகராதித் தாளுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்.”

“ஐயோ, மனுசி?”

“அவ மிச்சத் தாளுகளோடை பின்னாலை ஓடிவந்தவ.”

கல்லறைக்குப் பக்கத்துப் பலகையில் நான்கே வரிதான் இருந்தது. மிச்சம் யோகமலரின் கைச்சரக்கு. ஜெயகௌரி பலகையைப் பார்க்கவே இல்லை, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“செத்த ஆளின்ரை இடம். துடக்கெல்லோ, அக்கா?”

“ஜீவசமாதி எண்டு நினையுங்கோ. சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு மகளோடை வந்து சுத்திக் கும்பிடுங்கோ. ஒரு கிழமையும் விடக்கூடாது. வேறை நேரம் வந்து பிரயோசனமில்லை.”

ஜெயகௌரி ஒரு கிழமையும் விடவில்லை. மழையிலும் குடையோடு போனாள். அவள் சுற்றி வந்து, தேவாரம் பாடி முடிக்கும்வரை மகள் பக்கத்து பெஞ்சில் பரீட்சைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கல்லறைகளுக்கு நடுவே அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

ஒக்டோபரில் ஒரு மாலை, ஜெயகௌரி தட்டு நிறைய லட்டோடு யோகமலர் வீட்டுக்கு வந்தாள்.

“மகள் பாஸ், அக்கா. உயிர் உள்ளவரைக்கும் உங்களை மறக்கமாட்டன். தம்பிக்கு என்ன மாதிரி?”

“இன்னும் பாக்கேல்லை” என்று யோகமலர் பொய் சொன்னாள். பையன் காலையிலேயே பார்த்து, அழுதும் முடித்திருந்தான்.

ஜெயகௌரி போனதும் கணவர் கிருபானந்தன் ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“லோகன் மாஸ்டரின்ரை சனிக்கிழமை பத்து மணி டியூஷனிலை ஒரு இடம் காலியாகுது, அது ஜெயகௌரியின்ரை மகளுக்குத்தான் போகும் எண்டு தெரிஞ்சு, நீர் உந்தச் சாமியைப் படைச்சீர். அவவும் அந்த நேரம் ஏலாது எண்டு மாஸ்டருக்குச் சொல்லிப்போட்டா. இடம் எங்கடை பெடியனுக்குக் கிடைச்சுது. இப்ப என்னத்தைக் கண்டனாங்கள்?”

யோகமலர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் புரண்டுகொண்டிருந்த சின்னவளையே பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு வருகிற வருடம் பரீட்சை.

பிறகு போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தங்கச்சி, அவரை நீங்கள் வலமாச் சுத்தினீங்களோ, இடமாச் சுத்தினீங்களோ?”