முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா

அன்று காலை எதிர்த் தொழிற்சாலை வாசலின் மின்பலகையில் எரிந்த எண் முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தையல்காரருக்கே அது தெரியவில்லை. கடைசி எண் அப்படி மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஜன்னலைச் சாத்திடவாங்க? இனிப்பா என்னமோ நெடி வருது," என்றாள் மனைவி. அவளுக்கு ஏழாம் மாதம்.

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எதிரே பார்த்தார். "முப்பதுலதான் நிக்குது. காத்து வரட்டும், இரு."

"நான் மூக்கால மோந்து சொன்னா நம்பமாட்டீங்க. அந்தப் பலகை சொன்னாதான் உங்களுக்கு வேதவாக்கு."

எதிரே இருந்தது, இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவியெடுக்கும் தொழிற்சாலை. கழுவுகிற குளோரின் கரைப்பான் ஆவியாகித் தெருவுக்கு வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எவ்வளவு வெளியே விடுகிறார்கள் என்பதை ஊரறியக் காட்டச் சொல்லி, தெருவே அந்த வாசலில் உட்கார்ந்து போராடியது. முதல் வரிசையில் உட்கார்ந்தவர் தையல்காரர். அப்படிப் பிடுங்கி வாங்கியதுதான் அந்தப் பலகை. எண் ஐம்பதைத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும் என்று அதன் கீழேயே எழுதியிருந்தது.

பலகையில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம் எப்போதும் இருட்டாகவே இருக்கும். நூறைத் தொட்டால்தானே அதற்கு வேலை என்று தையல்காரர் நிம்மதியாகச் சொல்லிக்கொள்வார்.

எண்பது வந்த நாளில் வீட்டை இறுக மூடிக்கொண்டு புழுக்கத்தில் கிடந்தார்கள். 05 என்று வந்த நாளில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து, மனைவிக்கு வாசலிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார். பொழுது சாயும்வரை அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டும் எட்டும் ஒன்றுபோலத் தெரிவது பொறுக்கவில்லை. ஆறு எண்ணில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"வயித்துக்குள்ள இருக்கறதுக்கு ஆறும் கணக்குதான்," என்று சொல்லிவிட்டு நேரே போய்த் தொழிற்சாலைக் காவலாளியைப் பிடி பிடியென்று பிடித்தார்.

மதியம் ஏணியும் கையுமாக ரிப்பேர்காரர் வந்தார். பலகையைத் திறந்து எதையோ நோண்டினார். தையல்காரர் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்து முடித்து நிமிர்ந்தபோது, பலகையில் மினுக்கல் இல்லை. மூன்று கட்டங்களும் பளிச்சென்று எரிந்தன.

441.

"என்னங்க, இப்பச் சாத்தவா?" என்றாள் மனைவி. அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

அவர் செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினார்.

"தம்பி, எப்படி இப்படித் திடீர்னு ஏறிச்சு? உள்ள ஏதாவது வெடிச்சிடுச்சா?"

ரிப்பேர்காரர் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். நல்ல வேலை செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"ஒண்ணும் ஏறலண்ணே. பலகை மாட்டினப்பவே முதல் கட்டத்துக்கு ஒயர் குடுக்காம விட்டிருக்காங்க, அதையும் சேத்துக் குடுத்துட்டேன்."