போர்தோ விருந்து

கல்யாணப் பேச்சு முடிவாகும் நிலையில், மாப்பிள்ளை வீட்டு விருந்துக்காக அப்பாவோடு புதுச்சேரிக்கு வந்திருந்தாள் இளநிலா. வருங்கால மாமனார் சவரிராயன் தன் கையாலேயே எல்லோருக்கும் பிரான்ஸிலிருந்து வந்த போர்தோ ஒயின் ஊற்றினார்.

"கலப்புலதாம்மா இதோட அழகே. கபர்னே திராட்சை முறுக்கு குடுக்கும், மெர்லோ அதை இளக்கும். அந்தக் கபர்னேயே ரெண்டு வேற வேற கொடி தானா கூடிப் பொறந்ததுதான்!"

சம்பந்தம் பேசும் நேரத்தில் கலப்பின் அழகை அவர் இவ்வளவு சிலாகித்தது அவளுக்கு நெருடியது. குடித்து முடித்ததும் அவளுடைய கிளாஸையும் அப்பாவுடையதையும் மட்டும் துணியால் பிடித்து அவர் உள்ளே எடுத்துப்போனார். இளநிலா பின்னாலேயே போனாள்.

அடுக்களையில் ஒரு சிறு மரபணுக் கருவி அவளுடைய கிளாஸின் விளிம்பிலிருந்த எச்சிலை வருடிக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய முன்னோரின் சாதிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

சவரிராயன் திடுக்கிட்டுத் திரும்பினார். "இப்பல்லாம் எல்லா வீட்லயும் பாக்குறதுதாம்மா. தப்பா நெனைக்காத."

அவள் கூடத்துக்குப் போய், அவர் குடித்து வைத்திருந்த கிளாஸை எடுத்துவந்து நீட்டினாள்.

"இதையும் வச்சுப் பாருங்க, மாமா."

சவரிராயன் வெடுக்கென்று அதை வாங்கினார். குழாயைத் திறந்து, விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.