காலியாக விட்ட கட்டம்

“அகதியாக வந்து தூதரானவர் அவர். எல்லையைத் திறக்கணுமா, மூடணுமா? ஒரே வரியில் பதில் வாங்கிட்டு வா. இல்லாவிட்டால் பேட்டி அச்சேறாது” என்று சொல்லி அனுப்பியிருந்தார் பத்திரிகை ஆசிரியர்.

நிருபரும் ஒரு மணி நேரமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். தூதர் பிடிகொடுக்கவில்லை.

“சரி சார், எல்லையில உங்களைக் காக்க வச்ச அதிகாரி மேல கோபம் இருக்கா?”

“இல்லாம? மூணு நாள் பெஞ்சுல உட்கார வச்சாங்களே!”

“ரெண்டு நாள்” என்றார் சமையலறையிலிருந்து அவர் மனைவி.

இந்தக் கதையை அந்த அம்மா எத்தனை தடவை கேட்டிருப்பாரோ என்று நிருபருக்குப் பாவமாக இருந்தது.

“விண்ணப்பத்துல ‘இந்த நாட்டில் உறவினர்’னு ஒரு கட்டம். எனக்கு யாரும்மா இருக்கா? காலியா விட்டேன். அதுக்காக மூணு தடவை திருப்பிக் கொடுத்தாங்க.”

“அப்போ எல்லையே வேண்டாம்னு எழுதிக்கட்டுமா சார்?”

“ஐயையோ! எல்லை கண்டிப்பா வேணும். அங்க ஒரு பெஞ்சும், சாப்பிட்டியான்னு கேக்க ஒரு ஆளும் இருந்தாப் போதும்.”

“இவ்வளவு பட்ட நீங்களா சார் இப்படிச் சொல்றீங்க?”

தூதர் சமையலறைப் பக்கம் பார்த்துச் சிரித்தார். மனைவி டீயோடு வந்தார்.

“சட்டம் சட்டம்தானேம்மா? கட்டம் காலியா இருந்தா நான் எப்படி முத்திரை குத்துறது?” என்று நிருபரிடம் கோப்பையை நீட்டினார். “கடைசியில அந்தக் கட்டத்துக்கு நானே வந்து சேர வேண்டியதாப் போச்சு!”